மலிவான வேட்டை ரைஃபிள் வாங்கலாமா?

முதல் முறையாக மான் வேட்டைக்குப் போகப்போகிறவர் ஒருவர் கேட்டது இது. உரிமம் கைக்கு வந்துவிட்டது. கடையில் இரண்டு ரைஃபிள்கள் பார்த்திருக்கிறார். ஒன்று தோளில் அணைக்கும் கட்டை பிளாஸ்டிக்கில், மேலே குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பும் மாட்டியே வருகிற மலிவு மாடல். இன்னொன்று அதைப்போல இரண்டரை மடங்கு விலை. கடைக்காரர் "ரெண்டும் ஒரே மாதிரிதான் சுடும்" என்கிறார். பல வருடமாக வேட்டைக்குப் போய்வரும் உறவினர் ஒருவரோ "அது பொம்மை, தொடாதே" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கடைக்காரர் பேரலை, அதாவது குண்டு வெளிவரும் குழாயை, மனதில் வைத்துச் சொல்கிறார். உறவினர் பேரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மனதில் வைத்துச் சொல்கிறார். என் பதில்: மலிவு ரைஃபிளை வாங்கலாம், ஆனால் அதன் தலையில் உட்கார்ந்து வரும் ஸ்கோப்பை வாங்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் கடையில் எதைத் தொட்டுப் பார்ப்பது என்பதும் தெரியும்.

ஒரு காலத்தில் மலிவு ரைஃபிள் என்றால் ராணுவம் கழித்துவிட்ட துப்பாக்கி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மவுசர் 98, லீ-என்ஃபீல்ட் எல்லாம் குவியல் குவியலாக விற்பனைக்கு வந்தன. முன்பக்க மரத்தை அறுத்து, பேரலைக் குட்டையாக்கி வேட்டைக்கு எடுத்துப் போனார்கள். கடையில் புதிதாக வாங்குவது வசதியானவர்கள் சமாச்சாரம். 1936-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70 போன்றவற்றின் விலையில் பெரும்பகுதி மனித உழைப்புக்குப் போனது. எஃகுத் துண்டைக் கடைந்து கடைந்து, பேரல் திருகி நிற்கும் நடு உடலான ரிசீவரைச் செய்தார்கள். கட்டையில் பிடிமானத்துக்கான கட்டக் கோடுகளைக் கையாலேயே செதுக்கினார்கள். கூலி ஏற ஏற அது கட்டுப்படியாகவில்லை. 1964-இல் வின்செஸ்டர் செலவைக் குறைத்து அந்த மாடலை மாற்றியபோது வாங்குகிறவர்கள் கொதித்துப்போனார்கள். 'அறுபத்து நாலுக்கு முந்தியது' என்று சொன்னால் பழைய துப்பாக்கிச் சந்தையில் இன்றும் தனி மரியாதை, தனி விலை. உங்கள் உறவினரின் கோபம் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் செலவைக் குறைப்பது எப்போதும் தரத்தைக் குறைப்பதாகிவிடாது. 1958-இல் வந்த சாவேஜ் 110 இதற்கு நல்ல உதாரணம். ரைஃபிள் செய்வதில் நுணுக்கமான வேலைகளில் ஒன்று ஹெட்ஸ்பேஸ் அமைப்பது. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து மூடும் உருளையான போல்ட்டின் முகத்துக்கும், தோட்டா உள்ளே போய் முட்டி நிற்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் அது. கூடிப்போனால் தோட்டா உறை கிழியலாம், குறைந்தால் போல்ட் மூடாது. பழைய முறையில் கைதேர்ந்த ஒருவர் பேரலைத் திருகிப் பார்த்து, கழற்றிக் கடைந்து, மறுபடி திருகிப் பார்த்துச் சரி செய்வார். சாவேஜில் பேரலைப் பிடிக்க ஒரு பெரிய நட்டு வைத்தார்கள். அளவுக் கருவியை உள்ளே வைத்து, அது முட்டும்வரை பேரலைத் திருகி, நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. பார்க்கக் குழாய் ரிப்பேர் செய்ததுபோல இருக்கும், அது வேறு விஷயம். அளவு மட்டும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் சரியாக வந்துவிடும். இன்றைய மலிவு மாடல்களில் சாவேஜ் ஆக்சிஸ், ருகர் அமெரிக்கன் எல்லாம் இதே நட்டு முறைதான்.

பேரலிலும் இதே கதை. உள்ளே இருக்கும் சுருள் பள்ளங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பது நேரம் பிடிக்கும் வேலை. இப்போது ருகர் போன்றவர்கள் செய்வது சுத்தியல் அடி முறை. துளையிட்ட தடித்த எஃகுக் குழாய்க்குள் பள்ளங்களின் எதிர் அச்சு பொறித்த கம்பி ஒன்றைச் செருகி, குளிர்ந்த நிலையிலேயே வெளியிலிருந்து இயந்திரச் சுத்தியல்களால் அடித்து நெருக்குகிறார்கள். குழாய் நீண்டு மெலிந்து, உள்ளே பள்ளம் பதிந்து, சில நிமிடங்களில் பேரல் வெளியே வந்துவிடும். இயந்திரத்தின் விலை பயங்கரம். அது ஒருமுறை வந்துவிட்டால் ஒவ்வொரு பேரலுக்கும் ஆகும் செலவு குறைவு. சாவேஜ் வேறு வழியில் போகிறது. கடினமான சிறு குமிழ் ஒன்றைத் துளை வழியே செலுத்திப் பள்ளத்தை அழுத்திப் பதிக்கிறது. எந்த முறையானாலும் கணினி ஓட்டும் கடைசல் இயந்திரம் ஞாயிற்றுக்கிழமைக் களைப்போடு வேலைக்கு வருவதில்லை. அதனால்தான் மலிவு ரைஃபிளின் பேரல் மலிவாகச் சுடுவதில்லை.

இது புதுச் செய்தியும் அல்ல. 1967 முதல் 1983 வரை ரெமிங்டன் தன் பெயர் பெற்ற மாடல் 700-க்குக் கீழே, 788 என்று ஒரு ஏழைத் தம்பியை விற்றது. சாதாரண மரம், அலங்காரம் எதுவும் கிடையாது, பூட்டும் பற்கள் ஒன்பதும் போல்ட்டின் பின்பக்கத்தில். பார்த்தால் யாரும் ஆசைப்படமாட்டார்கள். குறி தவறாமல் சுடும் என்ற பெயர் மட்டும் இன்றுவரை நிற்கிறது. அதன் தொல்லை எது தெரியுமா? மேகசின், தோட்டாக்களை அடுக்கி அடியில் மாட்டும் பெட்டி. தொலைத்தால் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. இதை நினைவில் வையுங்கள், கீழே மறுபடி வரும்.

சரி, துல்லியக் கணக்கு. ரைஃபிள்காரர்கள் எம்ஓஏ என்று ஓர் அளவு சொல்வார்கள். கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது சுமார் 2.9 சென்டிமீட்டர். நல்ல தோட்டா பிடித்துவிட்டால் இன்றைய மலிவு ரைஃபிள் ஒன்றிலிருந்து குண்டுகளின் சிதறலை ஒன்றரை எம்ஓஏவுக்குள் எதிர்பார்க்கலாம், பல ஒன்றுக்குள்ளேயே சுடுகின்றன. இரண்டரை மடங்கு விலைக்காரர் ஒரு எம்ஓஏ உத்தரவாதம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வட்டம். 200 மீட்டரில் ஒன்றரை எம்ஓஏ ரைஃபிளின் சிதறல் 8.7 சென்டிமீட்டர், ஒரு எம்ஓஏ ரைஃபிளின் சிதறல் 5.8. வட்டத்தின் நடுவிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர். இத்தனை காசு கொடுத்து வாங்குவது அந்த ஒன்றரை சென்டிமீட்டரைத்தான். மூச்சு வாங்க மலையேறி, மரத்தில் சாய்ந்துகொண்டு சுடுகிறவரின் கை அதைப்போலப் பல மடங்கு ஆடும். கடைக்காரர் மூன்று தோட்டா சுட்ட அட்டையைக் காட்டினால் ரசியுங்கள், நம்பிவிடாதீர்கள். மூன்று துளை அதிர்ஷ்டத்திலும் நெருங்கி விழும். பத்து சுட்டால்தான் துப்பாக்கியின் குணம் தெரியும். மெல்லிய பேரல் நாலைந்து தோட்டாவில் சூடாகிக் கொஞ்சம் அலையவும் செய்யும். வேட்டைக்கு அது பெரிய குறையில்லை, காட்டில் கணக்கு முதல் தோட்டாவுக்குத்தான்.

அப்படியானால் மிச்சம் பிடித்தது எங்கே? உங்கள் கை படும் இடங்களில்.

முதலாவது கட்டை. பேர்தான் கட்டை, இப்போது அது அச்சில் வார்த்த பிளாஸ்டிக். உறவினர் 'பொம்மை' என்று சொன்னதும் இதைப் பார்த்துத்தான் இருக்கும், அதில் நியாயம் உண்டு. பேரல் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிரும். முன்கட்டை வளைந்து கொடுக்கிற பிளாஸ்டிக்காக இருந்தால், நீங்கள் அதை ஒரு கிளையின் மேல் வைத்து அழுத்தும்போது கட்டை மேலெழும்பிப் பேரலைத் தொடும், குறி நகரும். என் நண்பர் ஒருவருடைய ரைஃபிள் மணல் மூட்டையில் வைத்துச் சுட்டால் ஓரிடம், வார்ப்பட்டையை இறுக்கிப் பிடித்துச் சுட்டால் உள்ளங்கை அகலம் தள்ளி வேறோரிடம் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஸ்கோப்பைத் திட்டினார், தோட்டாவைத் திட்டினார். கடைசியில் முன்கட்டையின் உள்பள்ளத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்து அகலமாக்கியதும் அடங்கிவிட்டது. செலவு ஒரு தாள் உப்புக்காகிதம்.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு தாளை நாலாக மடித்து பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு ரிசீவர்வரை இழுத்துப் பாருங்கள். பிறகு முன்கட்டையையும் பேரலையும் சேர்த்துக் கையால் நெரியுங்கள். லேசாக நெரித்ததுமே இரண்டும் ஒட்டிக்கொண்டால் அடுத்த மாடலைக் கேளுங்கள். ரிசீவர் கட்டையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ருகர் அமெரிக்கனில் கட்டைக்குள்ளேயே 'வி' வடிவ உலோகக் கட்டிகளைப் பதித்து, அவற்றின் மேல் ரிசீவரை உட்கார வைத்திருக்கிறார்கள். மலிவுப் பிளாஸ்டிக்கில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. வெறும் பிளாஸ்டிக்கை நம்பித் திருகாணி இறுக்கிய மாடல்களும் உண்டு. அவற்றில் திருகாணியின் இறுக்கம் மாறினால் குறியும் மாறும்.

அடுத்தது மேகசின். பிளாஸ்டிக் மேகசின் என்பதாலேயே மட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மலிவு ரைஃபிளில் முதலில் மக்கர் செய்வது அநேகமாக இதுதான். குளிரில் கையுறையோடு கழற்ற முடிகிறதா, மாட்டும்போது சிரமமில்லாமல் 'டக்' என்று உட்காருகிறதா, இடுப்பில் உரசினால் தானாகக் கழன்று விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம், 788 பாடம்: துப்பாக்கி வாங்கும் அன்றே உபரி மேகசின் ஒன்று வாங்கிவிடுங்கள். மலிவு மாடல்கள் வருவதும் போவதும் வேகம். 2021-இல் ஸ்மித் அண்ட் வெஸன், காம்பஸ் என்ற மலிவு ரைஃபிளைச் செய்துவந்த தாம்ப்சன் சென்டர் பிரிவைக் கைவிடுவதாக அறிவித்தது. ரெமிங்டன் 2018-இலும் 2020-இலும் திவால் மனு கொடுத்தது. துப்பாக்கி அறுபது வருடம் சுடும், மேகசின் செய்கிறவர் அதுவரை இருப்பாரா என்பது வேறு கேள்வி.

போல்ட் கரகரப்பாகத்தான் இருக்கும். மணலில் ஓடுவதுபோல ஒரு சத்தம். இருநூறு முறை இழுத்து விட்டால் பாதி போய்விடும், மீதி பழகிவிடும். ஸ்கோப் மாட்டியபின் போல்ட் பிடியைத் தூக்கும்போது விரல் இடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று பல் போல்ட் 70 பாகை எழும்பினால் போதும், பழைய இரண்டு பல் போல்ட் 90 எழும்ப வேண்டும்.

டிரிக்கரில் காலம் நமக்கு உதவியிருக்கிறது. முன்பெல்லாம் மலிவு ரைஃபிளின் டிரிக்கரை இழுப்பது கிணற்றில் தண்ணீர் இறைப்பது மாதிரி. 2000-களின் தொடக்கத்தில் சாவேஜ், வாங்கியவரே இழுக்கும் கனத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் அக்யூடிரிக்கர் கொண்டுவந்தது. அதன்பின் மற்ற கம்பெனிகளும் வழிக்கு வந்தன. ஆக்சிஸ் வாங்குவதென்றால் அந்த டிரிக்கர் உள்ளதையே வாங்குங்கள், அது இல்லாததோடு ஒப்பிட்டால் இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 2014-இல் ரெமிங்டன் திரும்பப் பெற்ற எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிக்கர்கள் இருந்தது மலிவு மாடலில் அல்ல, மாடல் 700-லும் மாடல் செவனிலும். எந்த ரைஃபிளானாலும், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, பாதுகாப்பான பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு சோதனை செய்யுங்கள். தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டு டிரிக்கரை நன்றாக இழுத்து விடுங்கள். பிறகு டிரிக்கரைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். அப்போது 'க்ளிக்' கேட்டால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

சுடும்போது துப்பாக்கி தோளில் உதைக்கும் உதையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மலிவு ரைஃபிள்கள் பெரும்பாலும் எடை குறைவு, ஸ்கோப் இல்லாமல் மூன்று கிலோவுக்குப் பக்கத்தில். ஒரே தோட்டாவை நான்கு கிலோ ரைஃபிளிலும் மூன்று கிலோ ரைஃபிளிலும் சுட்டால், மூன்று கிலோவில் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். தோளில் படும் ரப்பரும் மலிவு ரகம். முதல் துப்பாக்கி உதைத்தால் கண்ணை மூடிக்கொண்டு டிரிக்கரைச் சுண்டும் பழக்கம் வந்துவிடும், அது போக வருடக்கணக்காகும். அதனால் மலிவு மாடலில் .300 வின்செஸ்டர் மேக்னம் மாதிரி பலமாக உதைக்கும் தோட்டாவைக் கேட்காதீர்கள். மானுக்கு .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், .308 வின்செஸ்டர் இவற்றில் ஒன்று போதும். மூன்றும் பரவலாகக் கிடைக்கும் தோட்டாக்கள். .243-ஐ மானுக்கு அனுமதிக்காத ஊர்களும் உண்டு, உங்கள் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ஸ்கோப். துப்பாக்கியோடு மாட்டி வரும் ஸ்கோப் பெரும்பாலும் விலையைக் கவர்ச்சியாக்க வைத்த பொருள். பகல் வெளிச்சத்தில் கடைக்குள் பார்த்தால் எல்லாக் கண்ணாடியும் தெளிவுதான். மான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும். நான் என் முதல் ரைஃபிளை இப்படிச் சேர்த்துத்தான் வாங்கினேன். மூன்றாவது நாள் மழையில் உள்ளே ஆவி கட்டி, பால் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. நாற்பது மீட்டரில் மான் நின்றது, எனக்குத் தெரிந்தது வெள்ளை. துப்பாக்கி மேல் ஒரு குறையும் இல்லை, இன்றும் அதே துப்பாக்கிதான் வைத்திருக்கிறேன். ஸ்கோப் இல்லாத பெட்டியை வாங்கி, மிச்சத்தில் நல்ல ஸ்கோப் ஒன்றும், அதைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்த எஃகில் செய்த மவுண்ட்டும் ரிங்குகளும் வாங்குங்கள். 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது தாராளம். ஸ்கோப்புக்குத் துப்பாக்கி அளவுக்கே செலவானால் பதறவேண்டாம், நாளைக்கு வேறு ரைஃபிள் வாங்கினாலும் அதைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். திருகாணிகளை அளவு காட்டும் முறுக்கியால் கையேட்டில் சொன்னபடி இறுக்குங்கள். "என் ரைஃபிள் சுடமாட்டேன் என்கிறது" என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வியாதி தளர்ந்த மவுண்ட் திருகாணிதான்.

யாருக்கு மலிவு மாடல் வேண்டாம் என்பேன்? தினமும் மழையிலும் கடல் காற்றிலும் அலைகிறவருக்கு. மங்கலான கறுப்புப் பூச்சு சீக்கிரம் துருப்பிடிக்கும், துருவேறா எஃகு மாடலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நல்லது. 400 மீட்டருக்கு அப்பால் சுட்டுப் பழக வேண்டும் என்று இருப்பவருக்கு. பின்னாளில் விற்றுக் காசு பார்க்க நினைப்பவருக்கும், மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகும் பொருளாக வாங்குகிறவருக்கும். பிளாஸ்டிக் கட்டையை யாரும் பரம்பரைச் சொத்தாக எண்ணித் துடைத்து வைப்பதில்லை.

கடைக்காரர் சொல்லாத மூன்றாவது வழியும் இருக்கிறது. மலிவு மாடலின் விலைக்கே, பயன்படுத்திய நடுத்தர ரைஃபிள் கிடைக்கலாம். ஹோவா 1500, டிக்கா டி3, பழைய சாவேஜ் 110 மாதிரி. வேட்டைக்காரர்கள் சுட்டுச் சுட்டுப் பேரலைத் தேய்ப்பது அபூர்வம். .308 பேரல் சில ஆயிரம் தோட்டாக்களைத் தாங்கும், வருடத்துக்கு நாற்பது சுடுகிறவரால் தன் ஆயுளுக்குள் அதை முடிக்க முடியாது. பேரலைக் கெடுப்பது சுடுவதல்ல, மழையில் நனைந்த துப்பாக்கியை உறைக்குள் போட்டு மறந்துவிடுவது. வாய்ப்பகுதியில் வெட்டுப்பட்ட தழும்பு, உள்ளே துருப்புள்ளி, வாய் தேய்ந்த திருகாணித் தலைகள் இவற்றைப் பாருங்கள். கூட வந்து பார்க்க உங்கள் உறவினரை அழைத்துப் போங்கள், அவர் அனுபவம் உண்மையில் உதவும் இடம் இது. நல்லதாக ஒன்று அகப்பட்டால் புது மலிவு மாடலைவிட அதற்கே என் ஓட்டு. அகப்படாவிட்டால் புதியதை எடுங்கள், சீசன் காத்திருக்காது.

எதை வாங்கினாலும் தோட்டாவுக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள். வெவ்வேறு கம்பெனியில், வெவ்வேறு குண்டு எடையில் மூன்று பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்தால் அவற்றில் ஒன்றை உங்கள் ரைஃபிளுக்குப் பிடித்திருப்பது தெரியும். அதே தோட்டாவில், பெட்டி மேல் அச்சிட்ட தொகுதி எண்ணும் ஒத்துப்போகிற மாதிரி நாலு பெட்டி சேர்த்து வாங்குங்கள். இரண்டு பெட்டியை மேசையில் வைத்துச் சுடாமல், உட்கார்ந்தும் மண்டியிட்டும் மரத்தில் சாய்ந்தும் சுட்டுத் தீருங்கள். மற்ற இரண்டும் இந்த சீசனுக்கும் அடுத்ததற்கும் போதும்.